இரண்டடித் தொட்டியில் யாரோடு யாரை விடலாம்?



நம் உயிரியல் ஆய்வகத்தின் மூலையில் காலியாகக் கிடக்கும் இரண்டடிக் கண்ணாடித் தொட்டியைக் கடல்நீர்த் தொட்டியாக மாற்றப்போகிறோம் என்றதும், பத்தாம் வகுப்புத் தம்பி தங்கைகள் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். நாலு நீமோ, ஒரு டோரி, மூணு நீல டாம்செல், ஒரு வண்ணத்துப்பூச்சி மீன், ஒரு சிங்க மீன், ரெண்டு கடற்குதிரை, ஒரு கடற்சாமந்தி, "அப்புறம் கலர் கலரா கொஞ்சம் பவளம்". படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இதை அப்படியே வாங்கிவந்து ஊற்றினால் ஒரு மாதத்தில் தொட்டியில் மிஞ்சுவது அந்தச் சிங்க மீன் மட்டும்தான். அதுவும் எத்தனை நாளைக்கு? அதனால் அந்தப் பட்டியலையே கையில் வைத்துக்கொண்டு, யாரை வைக்கலாம், யாரை அடிக்கலாம் என்று பார்ப்போம். தம்பிகள் கோபிக்கக் கூடாது.

முதலில் தொட்டிக் கணக்கு

நம் தொட்டி 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 38 செ.மீ. உயரம். பெருக்கிப் பாருங்கள், 68 லிட்டர் வரும். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 60 லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். கடலைப் பார்த்துப் பழகிய நமக்கு இது எவ்வளவு கொஞ்சம் என்று உறைப்பதே இல்லை.

சனிப்பெயர்ச்சி அன்று நம்ம ஊர் எப்படி இருக்கும்? லட்சக்கணக்கில் ஜனம். ஆனாலும் ஊர் தாங்குகிறது. ஏன்? குடிதண்ணீர், கழிப்பறை, குப்பை வண்டி, தனி பஸ் என்று பல நாள் முன்னாடியே ஏற்பாடு நடக்கிறது. ஏற்பாடு எதுவுமே இல்லாமல் அத்தனை பேரும் ஒரே நாளில் வந்து இறங்கினால்? மீன் தொட்டியில் நாம் செய்வது அதுதான். தொட்டி வாங்கின அன்றைக்கே மீனையும் வாங்கி விட்டுவிடுகிறோம்.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விடுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். வயலில் யூரியா போட்டால் அது அம்மோனியாவாகி, பிறகு பாக்டீரியாவால் நைட்ரேட் ஆகிறது என்று படித்திருக்கிறோம். தொட்டியிலும் அதே வேலை நடக்க வேண்டும். அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குவது ஒரு கூட்டம், நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குவது இன்னொரு கூட்டம். நம் புத்தகத்தில் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்று இருக்கும். மீன் தொட்டிகளில் அந்த இரண்டாவது வேலையைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1990-களில் கண்டுபிடித்தார்கள் (பரீட்சையில் புத்தகத்தில் உள்ளதையே எழுதுங்கள்!). இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் கிடையாது. சோதனைக் குப்பியில் அம்மோனியா 0, நைட்ரைட் 0 என்று வந்த பிறகுதான் முதல் மீன்.

"எங்க வீட்டுல கப்பி வளர்க்கிறோமே, அதுக்கு இதெல்லாம் பார்த்ததே இல்லையே" என்று சிலர் கேட்கலாம். கடல்நீரின் பி.எச். 8.1, 8.2 என்று காரமாக இருக்கும். காரம் கூடக் கூட அம்மோனியாவின் விஷமும் கூடும். இன்னொரு விஷயம், 30 டிகிரி சூட்டில் நல்ல தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். கடல்நீரால் 6.2 அளவுதான் முடியும். அதனால் கப்பி பிழைத்துக்கொள்கிற இடத்தில் கடல் மீன் பிழைக்காது.

உப்பு எந்த உப்பு?

காரைக்கால் கடற்கரை பக்கத்திலேயே இருக்கு, ஒரு டிரம் எடுத்துப்போய் மொண்டுவந்தால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். அரசலாறு கலக்கிற கரை அது. ஐப்பசி கார்த்திகையில் மழைத் தண்ணீர் கலந்து உப்பு இறங்கிவிடும். கலங்கல் வேறு, படகு டீசல் வேறு. வேண்டாம்.

சரி, வேதாரண்யம் கல் உப்பு? அதைக் கரைத்தால் உப்புத் தண்ணீர் கிடைக்கும், கடல்நீர் கிடைக்காது. உப்பளத்தில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். கடல்நீர் காயக் காய முதலில் கால்சியம் ஜிப்சமாகப் படிந்துவிடும். பிறகு வேறு பாத்தியில் சமையல் உப்பு படியும். மெக்னீசியம் படியாமல் கசப்புத் தண்ணீரில் நின்றுவிடும், அதை வடித்துவிடுவார்கள். ஆக நம் கைக்கு வருகிற உப்பில் கால்சியமும் இல்லை, மெக்னீசியமும் பேருக்குத்தான். கடல்நீரிலோ லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1300 மில்லிகிராம் மெக்னீசியமும் இருக்கு. அதனால் மீன் தொட்டிக்கென்று விற்கிற கடல் உப்புக் கலவைதான் வாங்க வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் வீதம் 60 லிட்டருக்கு 2 கிலோ 100 கிராம். குளோரின் இல்லாத ஆர்.ஓ. கேன் தண்ணீரில் கலக்கி, ஹைட்ரோமீட்டரில் 1.025 காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. தினம் ஒரு லிட்டர் வற்றினால் ஒரு வாரத்தில் 60 லிட்டர் 53 ஆகிவிடும், 35 கிராம் உப்பு 39-ஐத் தாண்டிவிடும். வற்றினதற்கு ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர். வாரம் 6 லிட்டர் மாற்றுவதற்கு மட்டும்தான் உப்புத் தண்ணீர் (அதற்கு 210 கிராம் உப்பு). இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இப்போ பட்டியல்

டோரி. நீல டேங் என்பது அதன் பெயர். கடையில் பார்க்கும்போது விரல் நீளம், வளர்ந்தால் ஒரு அடி! இரண்டடித் தொட்டியில் ஒரு அடி மீன் திரும்பக்கூட முடியாது. அடித்தாச்சு.

சிங்க மீன். அழகு, சந்தேகமே இல்லை. முதுகு முள்ளில் விஷம், குத்தினால் கை வீங்கி உயிர் போகிற வலி எடுக்கும். அது யாரையும் துரத்திச் சண்டை போடாது, அசையாமல் நிற்கும். தன் வாயில் நுழைகிற எல்லாமே அதற்கு இரைதான். பட்டியலில் உள்ள பாதிப் பேர் அதன் வாயில் நுழைவார்கள்.

வண்ணத்துப்பூச்சி மீன். இதில் பல வகைகள் பவளத்தின் மொட்டுகளைக் கொத்தித் தின்று வாழ்பவை. தொட்டியில் தீனி போட்டால் முகர்ந்துகூடப் பார்க்காமல் பட்டினி கிடந்தே சாகும். பவளத்தையும் இதையும் ஒரே பட்டியலில் எழுதியது வைக்கோல்போரையும் பசுமாட்டையும் ஒரே கொட்டகையில் கட்டின மாதிரி.

கடற்குதிரை. இதற்கு வயிறு என்ற உறுப்பே கிடையாது, தின்றது நிற்காமல் குடலுக்குப் போய்விடும். அதனால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். வேகமாக நீந்துகிற மீனோடு விட்டால் தீனி அதன் வாய்க்குப் போய்ச் சேராது. அதைவிடப் பெரிய காரணம், 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி, யானையோடு சேர்ந்த பாதுகாப்பு இதற்கு உண்டு. வைத்திருந்தாலே குற்றம்.

நீல டாம்செல். கடைக்காரர் முதலில் இதைத்தான் காட்டுவார். "தம்பி, இது எதையும் தாங்கும், விலையும் கம்மி, எடுத்துக்க." அவர் சொல்வது பொய் இல்லை. தாங்கும். அதனால்தான் ஆபத்து. தண்ணீர் சரியில்லாதபோதும் பிழைத்து, தொட்டி முழுக்க என் இடம் என்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் வருகிற ஒவ்வொரு மீனையும் வால் கிழியக் கடிக்கும். கடலில் தோற்ற மீன் ஓடிப்போய்விடும். 60 செ.மீ. கண்ணாடிக்குள் எங்கே ஓடும்? என் கருத்து, சின்னத் தொட்டியில் டாம்செல் ஒன்றுகூட வேண்டாம்.

நாலு நீமோ. இது கோமாளி மீன், டாம்செல் குடும்பம்தான். இது பிறக்கும்போது எல்லாமே ஆண். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், அடுத்தது அதன் ஜோடி. மற்றவை வளராமல் அடங்கிக் கிடக்கும். பெண் இறந்துவிட்டால் ஜோடி ஆண் பெண்ணாக மாறி, அடுத்த சின்னது ஜோடியாகிவிடும்! (சினிமாவில் நீமோவின் அம்மா இறந்ததும் அப்பா என்ன ஆகியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.) நாலு விட்டால், ஒரு ஜோடி சேர்ந்ததும் மற்ற இரண்டையும் மூலையில் தள்ளி அடிக்கும். அதனால் ஒன்று சின்னது, ஒன்று கொஞ்சம் பெரியது என்று இரண்டே இரண்டு. அவை வளர்ந்தாலும் 8 செ.மீ. சுமார்தான் என்பதால் நம் தொட்டி தாங்கும்.

அதுவும் பொரிப்பகத்தில் பிறந்த மீனாகக் கேட்டு வாங்க வேண்டும். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீனை முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டியிருக்கிறது. நம் கரையிலேயே வடக்கே, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் செய்திருக்கிறது. தொட்டியில் பிறந்த மீனுக்குத் தொட்டித் தீனி பழக்கம், மனித நிழலைப் பார்த்துப் பயப்படாது. கடலில் ஒரு மீனும் குறையாது.

கடற்சாமந்தி இல்லாமல் நீமோ இருக்குமா? இருக்கும். கடலில் அது எதிரிக்குப் பயந்து சாமந்திக்குள் ஒளிகிறது. எதிரியே இல்லாத தொட்டியில் ஒரு மண்சட்டி ஓடு போதும். சாமந்தி வைத்தாலோ பலமான விளக்கு வேண்டும், அது இடம் பிடிக்காமல் ஊர்ந்துபோய் மோட்டாரில் சிக்கும், செத்தால் ஒரே இரவில் தண்ணீர் முழுக்கக் கெடும்.

உங்களுக்குத் தெரியுமா? ஸ்காட்லாந்தில் சர் ஜான் டேலியல் என்பவர் 1828-ல் ஒரு கடற்சாமந்தியைப் பிடித்துவந்து ஜாடியில் வளர்த்தார். அவர் 1851-ல் இறந்துவிட்டார். அது கைமாறிக் கைமாறி 1887 வரை உயிரோடு இருந்தது! அதற்கு 'பாட்டி' என்றே பெயர். இவ்வளவு காலம் வாழக்கூடிய ஒன்றைத்தான் மூன்று மாதத்தில் சாகடிக்க நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

பவளம்

பட்டியலில் கடைசி வரி இது. நான் அதிகம் எழுத நினைத்ததும் இதைப் பற்றித்தான்.

பவளம் செடி இல்லை, கல்லும் இல்லை. ஆயிரக்கணக்கான குட்டி உயிர்கள் சேர்ந்து சுண்ணாம்பில் கட்டின அடுக்குமாடி. ஒவ்வொன்றின் உடம்புக்குள்ளும் நுண்பாசி குடியிருந்து, வெயிலில் உணவு தயாரித்து வாடகை மாதிரி கொடுக்கிறது. அதனால்தான் தெளிந்த, வெளிச்சம் இறங்குகிற தண்ணீர் வேண்டும். நம் காரைக்கால் கரையில் பவளப்பாறை இல்லாததற்குக் காரணம் காவிரியின் கிளை ஆறுகள் கொண்டுவரும் வண்டல். நமக்கு நெல் கொடுத்த அதே வண்டல்தான்! பவளம் பார்க்க ராமேஸ்வரம் பக்கம்தான் போக வேண்டும்.

மீனுக்கு மீன் ஒத்துப்போகணும் என்பது போலப் பவளத்துக்குப் பவளமும் ஒத்துப்போக வேண்டும். பகலில் பூ மாதிரி அமைதியாக இருக்கிற சில வகைகள் ராத்திரியில் நீளமான கொட்டும் இழைகளை நீட்டிப் பக்கத்தில் இருப்பதைச் சுட்டுவிடும். சில வகைகள் தன் குடல் இழையையே வெளியே தள்ளிப் பக்கத்து வீட்டுக்காரரைச் செரித்துவிடும். மென்பவளங்கள் தண்ணீரில் விஷத்தைக் கசியவிடும். வெளிநாட்டில் வளர்ப்பவர்கள் ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடம் விட்டு வைப்பார்கள். நம் தொட்டியின் அகலமே இரண்டு சாண் வராது.

சூடு இன்னொரு தலைவலி. கடல்நீர் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் நுண்பாசி வெளியேறிப் பவளம் வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இப்படிப் பெரிய அளவில் வெளுத்தது. கடலுக்கே அந்தக் கதி என்றால், சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நம் 60 லிட்டர் எம்மாத்திரம்?

இதெல்லாம் தாண்டிப் பணமும் ஏ.சி.யும் இருந்தாலும் வைக்க முடியாது. பாறை கட்டும் பவளங்கள், கரும்பவளம், நெருப்புப் பவளம், குழல் பவளம், கடல் விசிறி எல்லாமே 2001 முதல் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. "செத்துப்போன பவளம்தானே, அலங்காரத்துக்கு" என்பதும் செல்லாது. யானை செத்தாலும் தந்தம் தந்தம்தானே, அது மாதிரி.

இவ்வளவு கடுமை ஏன் என்று கேட்டால் இரண்டு தீவுகளின் கதையைச் சொல்ல வேண்டும். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 560 சதுர கிலோமீட்டர். அதற்கு முன்னும் பின்னும் பல வருஷம் பவளத்தை வெட்டி வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனார்கள். பவளப்பாறை இருந்தால் அலை அதில் மோதி உடையும், தீவின் மணல் நிற்கும். பாறை போனதும் அலை நேரே மணலில் அடித்தது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. வரைபடத்தில் 21 என்று இருக்கும், தண்ணீருக்கு மேலே பார்த்தால் 19.

அவர்கள் வண்டி வண்டியாக வெட்டினார்கள், நாம் கேட்பது கையளவுதானே? இங்கிலாந்திலும் எல்லோரும் கையளவுதான் எடுத்தார்கள். ஃபிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை அறிஞர் 1854-ல் மீன் தொட்டி வைப்பது பற்றி ஒரு புத்தகம் போட்டார். ஊரே தொட்டி வைக்க ஆசைப்பட்டுக் கடற்கரைக்கு ஓடியது. அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907-ல் எழுதும்போது, அப்பாவோடு சின்ன வயதில் பார்த்த பாறைக் குட்டைகள் எல்லாம் காலியாகிக் கெட்டுப்போனதை வருத்தத்தோடு குறிப்பிட்டார். அப்பா கெட்ட எண்ணத்தில் எதுவும் எழுதவில்லை பாவம்.

ஆக, பவளத்துக்குப் பதில் என்ன? மெருகு பூசாத சுட்ட மண்சட்டி ஓடுகள். அதில் நுண்துளைகள் நிறைய, பாக்டீரியாவுக்கு அருமையான வீடு. அடுக்கிவைத்தால் மீனுக்குக் குகையும் கிடைக்கும். கூடவே, கழுவிக் காயவைத்த சாதாரணக் கிளிஞ்சல் தூள் மணலோடு கொஞ்சம். அதுவும் சுண்ணாம்புதான், பி.எச். ரொம்ப இறங்காமல் ஓரளவு பிடிக்கும். (நம்ம பக்கத்தில் ஒரு ஊருக்கே கிளிஞ்சல்மேடு என்று பேர் வைத்திருக்கிறார்கள், கிளிஞ்சலுக்கா பஞ்சம்!) பவளம் இல்லாததால் விலை கூடின விளக்கும் வேண்டாம், சாதாரண எல்.இ.டி. போதும்.

கடைசியில் யார் யார்?

கோமாளி மீன் இரண்டு. அடியில் இருக்க ஒரு சின்ன உளுவை மீன். கோமாளி நடுத்தண்ணீரில், உளுவை மணலில், அதனால் இடத்தகராறு வராது. முடிந்தால் உளுவைக்கு ஒரு சொடுக்கு இறாலைத் துணைக்குப் பிடிக்கலாம். கடலில் இவர்கள் இருவரும் கூட்டுக்குடித்தனம். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது, ஆனால் நாள் முழுக்க வளை தோண்டும். உளுவைக்குத் தோண்டத் தெரியாது, கண் கூர்மை. வாசலில் உளுவை காவல் நிற்க, இறால் தன் மீசையை அதன் உடம்பில் வைத்துக்கொண்டே மண் அள்ளும். ஆபத்து வந்தால் உளுவை வாலை ஒரு சிலுப்பு சிலுப்பும், இரண்டும் வளைக்குள் மறைந்துவிடும். எல்லா உளுவையும் எல்லா இறாலோடும் இப்படிச் சேராது, கடையில் ஒன்றாக இருக்கிற ஜோடியைப் பார்த்து வாங்குவது நல்லது. என்னைக் கேட்டால் பட்டியலில் உள்ள டோரி, சிங்க மீன் எல்லாவற்றையும் விட வேடிக்கை இதில்தான் இருக்கு.

பாசி தின்ன நாலைந்து நத்தை, இரண்டு சின்னத் துறவி நண்டு. நண்டு வளர்ந்தால் பெரிய ஓடு தேடி நத்தையைக் கொல்லும், அதனால் காலி ஓடுகள் சிலவற்றைக் கூடவே போட்டுவைக்க வேண்டும். முதலில் நத்தை, இரண்டு வாரம் கழித்து உளுவை, அதற்கும் மூன்று வாரம் கழித்துக் கோமாளி. அதட்டுகிறவரைக் கடைசியில் விட வேண்டும். ஒவ்வொரு புது மீனையும் தனி வாளியில் காற்று மோட்டாரோடு மூன்று வாரம் வைத்துப் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும். வெண்புள்ளி நோய் வந்தால் தாமிர மருந்து கொடுப்பார்கள். அது மீனைக் காப்பாற்றும், நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும். அதனால் மருந்து எப்போதும் வாளியில்தான்.

தீனி ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை. கோயில் குளத்து மீனுக்குப் பொரி வீசுவது போல வருகிறவர் போகிறவர் எல்லாம் போடக் கூடாது!

இரண்டு விஷயம் இன்னும் முடிவாகவில்லை. ஒன்று, கரண்ட். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் நின்றால் நம் தொட்டிக்கு நாள்கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான். பேட்டரியில் ஓடுகிற காற்று மோட்டார் ஒன்று வாங்கியே ஆக வேண்டும். இரண்டாவது, முழு ஆண்டு விடுமுறை. வெயில் உச்சத்தில் இருக்கும்போதுதான் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். தண்ணீர் மேல் ஒரு சின்ன மின்விசிறி ஓடினால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் வற்றுகிற தண்ணீரைத் தினமும் யாராவது ஊற்ற வேண்டுமே?

பள்ளிக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்கள், விடுமுறையில் முறை வைத்து வரச் சம்மதம் என்றால் இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளில் பெயரும் வகுப்பும் எழுதுங்கள். எட்டுப் பேராவது சேர்ந்தால்தான் உப்பு வாங்குவது. சேர்ந்த பிறகு ஆறு வாரம் தொட்டியில் வெறும் தண்ணீரும் மண்சட்டி ஓடும்தான் தெரியும். "மீன் எங்கேடா?" என்று யாரும் கேட்கக் கூடாது, அம்மோனியா நோட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

— 11-ஆம் வகுப்பு, உயிரியல் பிரிவு